ஃபயர் பிட்: விறகா, கேஸா? முதலில் டேப்பை எடுங்கள்

மினசோட்டாவில் வீடு வாங்கியவர்களுக்குப் பனி உருகியதும் வரும் ஆசைகளில் ஒன்று, கொல்லைப்புறத்தில் ஒரு ஃபயர் பிட், அதாவது தீ மூட்டிச் சுற்றி உட்காரும் குழி. நாலு நாற்காலியைப் போட்டு, குளிர் காய்ந்துகொண்டே சோளம் சுடலாம். வழிகள் மூன்று. தரையில் கல் வளையம் பதித்து விறகு எரிக்கலாம். சோலோ ஸ்டவ் மாதிரி தூக்கி நகர்த்தக்கூடிய ஸ்டீல் தொட்டி வாங்கலாம். இல்லையென்றால் புரொப்பேன் சிலிண்டரில் எரியும் மேசை. மினியாபொலிஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் இருக்கும் நான் கல் வளையத்தைத் தேர்ந்தெடுத்து, நகராட்சியில் பெர்மிட்டும் வாங்கிவிட்டேன். அதனால் இந்த அலசல் கொஞ்சம் விறகுப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

விலை, புகை, அழகு பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். கல் வளையம் மலிவு, நல்ல கேஸ் மேசைக்குக் காசு அதிகம். விறகு புகையும், கேஸ் புகையாது. உண்மையில் முடிவு செய்யப்போவது 25 அடி.

அமெரிக்காவின் பல ஊர்கள் சர்வதேச தீ விதித்தொகுப்பைத் தழுவித்தான் தங்கள் விதிகளை வைத்திருக்கின்றன. பொழுதுபோக்குக்காக மூட்டும் தீயில் விறகுக் குவியல் 3 அடி அகலத்தையும் 2 அடி உயரத்தையும் தாண்டக்கூடாது. எந்தக் கட்டடத்திலிருந்தும், தீப்பற்றக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 25 அடி தள்ளி இருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டிப் பாருங்கள்: வீட்டுப் பக்கம் 25, வளையம் 3, பின்பக்க மரவேலி வரை 25. மொத்தம் 53 அடி. அதே கணக்கு இடமும் வலமும் உண்டு. குழியை 2 அடியாகச் சுருக்கினாலும் மிச்சமாவது ஒரே ஓர் அடி.

இங்கேதான் பலருடைய கனவு கலைகிறது. சுவரிலிருந்து அளந்து சந்தோஷப்படுவார்கள். பார்க்க வருகிற தீயணைப்புத் துறை அலுவலர், வீட்டை ஒட்டிய மரத்தளமான டெக்கின் கடைசிப் பலகையிலிருந்து டேப்பை இழுப்பார். எங்கள் கொல்லையில் மிக நெருக்கமாக வந்தது எங்கள் வீடே அல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் மர ஷெட். அலுவலர் டேப்பின் நுனியை ஷெட்டின் கூரை விளிம்புக்கு நேர் கீழே வைத்தார், சுவரில் அல்ல. பிறகு அண்ணாந்து மேப்பிள் மரத்துக் கிளைகளைப் பார்த்தார். வளையத்தை நான் குறித்திருந்த இடத்திலிருந்து சற்று மேற்கே தள்ளச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கம்பிவலை வேலி என்றால் எரியாது, இந்தக் கவலை பாதி குறையும். மரவேலிக்காரர்கள் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே அளந்துவிடுங்கள்.

மாநில இயற்கை வளத்துறை 3 அடிக்கு 3 அடி கேம்ப்ஃபயருக்கு பெர்மிட் கேட்பதில்லை என்று சொல்லி, நகராட்சிக்கும் தேவையில்லை என்று சிலர் வாதாடுவார்கள். நகராட்சி விதி தனி, ஊருக்கு ஊர் மாறும். எங்கள் ஊரில் மனையின் வரைபடத்தில் தூரங்களைக் குறித்துக் கொடுத்து, நிபந்தனைகளில் கையெழுத்திட்டால் போதும். குழி தோண்டுவதானால் இரண்டு வேலை நாள் முன்பே 811-ஐ, அதாவது மண்ணுக்கடியில் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் சேவையின் எண்ணை, அழைக்க வேண்டும். இலவசம்தான். வந்து கேஸ் குழாய்க்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு என்று கொடி நட்டுவிட்டுப் போவார்கள்.

அணைக்க ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. எல்லோரும் தோட்டத்து ஹோஸைக் காட்டுவார்கள். ஆனால் ஃபயர் பிட்டுக்கு அருமையான அக்டோபர் கடைசியில், குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று வெளிக்குழாயை அடைத்துவிடுவோமே? அப்புறம் ஹோஸ் இருந்து என்ன பயன்! இரண்டு வாளி மணலோ 4-ஏ தரத் தீயணைப்பானோ வாங்கி வைத்துவிடுங்கள்.

விறகும் கொஞ்சம் வேலை வாங்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் புகை அடங்கும். ஈரமானியின் இரண்டு முள்ளையும் வெளிப்பட்டையில் குத்தினால் பொய் சொல்லும். கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். வேறு ஊரிலிருந்து விறகு ஏற்றி வராதீர்கள். ஆஷ் மரத்தைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு 2009-இல் செயின்ட் பாலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது புது ஊர்களுக்குப் போகும் வழிகளில் முக்கியமானது விறகு.

சரி, 53 அடி இல்லாதவர்கள்? ஸ்டீல் தொட்டிக்கு அந்த விதித்தொகுப்பில் 15 அடிதான். ஒன்றிரண்டு குடும்பம் வாழும் வீடுகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. உங்கள் ஊர் அந்த விலக்கை வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைச் சுவர் தொட்டியில் தீ நன்றாகப் பிடித்தபின் புகை குறைவு. வெப்பம் மேலே போய்விடுவதால் கால் மட்டும் குளிரும்.

கேஸ் மேசையை நான் சொந்தமாக வைத்ததில்லை, நண்பர் வீட்டில் உட்கார்ந்து பார்த்த அனுபவம்தான். திருகினால் எரிகிறது, திருகினால் அணைகிறது, சாம்பல் அள்ளும் வேலை இல்லை. விறகுக்கான பெர்மிட்டைப் பல ஊர்கள் இதற்குக் கேட்பதில்லை. இயற்கை எரிவாயு இணைப்பு கொடுப்பதானால் மட்டும் உரிமம் பெற்ற ஆளும் தனி அனுமதியும் வேண்டும். கடையில் மாற்றித்தரும் சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும், மணிக்கு 50,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) எரித்தால் சுமார் ஆறரை மணி நேரம். குளிர் ஏற ஏற சிலிண்டரின் வெளியே பனி படர்ந்து, சுடர் சுருங்கிப்போகிறது. ஆனால் காற்று அடிக்கும் வறண்ட நாள்களில் எரிப்புத் தடை வந்தால் விறகுக்காக நான் வாங்கிய பெர்மிட் வெறும் காகிதம். 2023 கோடையில் கனடாக் காட்டுத்தீப் புகை சூழ்ந்தபோதும் விறகுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

இன்னொன்று: புகை தொந்தரவாக இருப்பதாக அக்கம்பக்கத்தில் புகார் போனால், பெர்மிட் இருந்தாலும் அணைக்கச் சொல்லும் அதிகாரம் தீயணைப்பு அலுவலருக்கு உண்டு. பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால், இடம் எவ்வளவு இருந்தாலும் கேஸ் மேசையே வாங்குங்கள்.