வண்டிக்கும் மலைக்கும் ஒரே பூட்ஸா?

சனிக்கிழமை விடியுமுன் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மலேசியாவுக்குள் போக ஊர்ந்து நகரும் மோட்டார்சைக்கிள் வரிசையில் கால்களை மட்டும் பாருங்கள். சிலிப்பர், ஓட்டக் காலணி, தேசிய சேவையில் கொடுத்த பூட்ஸ், கெண்டைக்காலை மூடும் டூரிங் பூட்ஸ் என்று எல்லாம் இருக்கும். அதில் ஒரு கூட்டம் குளுவாங்கின் குனோங் லம்பாக்குக்கோ (510 மீட்டர்) தங்காக் பக்கம் குனோங் லேடாங்குக்கோ (1,276 மீட்டர்) போகிறது. ஓட்டிக்கொண்டும் போக வேண்டும், இறங்கி ஏறவும் வேண்டும். ஒரே ஜோடியில் இரண்டையும் முடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

சண்டை கணுக்காலில் நடக்கிறது. வண்டி சாய்ந்து காலின்மேல் விழுந்தால் பூட்ஸ் குறுக்குவாட்டில் நசுங்கக் கூடாது, கணுக்கால் முறுக்கிக்கொள்ளக் கூடாது. அதற்காக ஓட்டும் பூட்ஸை விறைப்பாகச் செய்கிறார்கள். மலையேறுகிறவருக்கு கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக மடங்க வேண்டும், சோலின் முன்பகுதி வளைய வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு இடைஞ்சல்.

ஓட்டும் பூட்ஸ் நிஜமாகவே ஓட்டுவதற்கானதா என்று தெரிந்துகொள்ள நாக்கைப் புரட்டிப் பாருங்கள். இ.என். 13634 என்ற ஐரோப்பியத் தரத்தில் தேறியிருந்தால் மோட்டார்சைக்கிளோட்டிப் படமும் கீழே நான்கு இலக்கங்களும் இருக்கும். வரிசையாக உயரம், தரையில் உராய்வதைத் தாங்குவது, வெட்டைத் தாங்குவது, குறுக்கே நசுங்காமல் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 2, இரண்டுதான் உயர்ந்தது. கடைக்காரர் என்ன சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது கடைசி இலக்கத்தை.

சரி, போட்டியாளர்கள். உயரமான டூரிங் பூட்ஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாதுகாப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஜோடி எளிதாக 2 கிலோவைத் தாண்டும். அதோடு புக்கிட் தீமா உச்சி வரை ஏறினாலே (164 மீட்டர்கூட இல்லை) கெண்டைக்கால் கெஞ்சும். நடை உங்கள் திட்டத்தில் இருந்தால் இது வேண்டாம்.

மலையேற்ற பூட்ஸ் பக்கம்தான் நம்மவர்கள் அதிகம் சாய்கிறார்கள். சாலமன் குவெஸ்ட், லோவா ரெனகேட், மெரல் மோவாப் போன்றவை நாள் முழுக்க நடக்க அருமை. ஜோடி சுமார் 1 கிலோதான். வண்டியில் ஏறியதும் குறைகள் வெளியே வரும். கயிற்று முடிச்சு தளர்ந்து கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ மாட்டினால், சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய வேண்டியதுதான். முடிச்சை உள்ளே செருகிவிடுவது கட்டாயம். இடது கால் மேற்புறத்தை லீவர் தேய்த்துத் தின்னும். வலைத்துணி என்றால் சீக்கிரமே பிய்யும். கணுக்கால் எலும்புக்கு மேல் இருப்பது வெறும் பஞ்சு. இருந்தும் இதைத்தான் வாங்குவேன் என்பவர்கள், தோலால் ஆன, கணுக்காலை மூடும் மாடலாக எடுங்கள்.

இங்கே நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல பூட்ஸ்களின் நடு சோல் பாலியூரிதேன் என்ற நுரைப்பொருள். ஈரக்காற்று அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். பூட்ஸை வீட்டின் பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்) போட்டுவிட்டுச் சில வருடம் கழித்து எடுத்தால் வெளியே புதுசு போலிருக்கும். மலையில் பாதி வழியில் அடி சோல் வாய் பிளக்கும். போடாமல் பத்திரப்படுத்தினாலும் இது நடக்கும் என்பதுதான் கொடுமை. நடு சோலுக்குப் போடும் இன்னொரு பொருளான ஈ.வி.ஏ. நுரைக்கு இந்த நோய் இல்லை, ஆனால் சீக்கிரம் அமுங்கித் தட்டையாகும். எப்போதாவது மட்டும் போடுகிறவர் ஈ.வி.ஏ. பக்கம் போவது நல்லது. அடிக்கடி போட்டுத் தேய்த்துத் தள்ளுகிறவருக்கு எதுவானாலும் கவலையில்லை.

கோர்டெக்ஸ் மாதிரி நீர் புகாப் படலம் இன்னொரு தலைவலி. வெளியே உலர்ந்த காற்று இருந்தால்தான் உள்ளே இருக்கும் வியர்வை ஆவியாக வெளியேறும். நம் காற்றில் அதற்கு வழி குறைவு. போதாததற்கு, மழையில் ஓட்டும்போது தண்ணீர் காலுறை வழியாக மேலேயிருந்து இறங்கிவிட்டால், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். மழைக்கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே இறக்கிவிட்டால் ஓட்டும்வரை சமாளிக்கலாம். ஆற்றைக் கடக்கிற காட்டுப் பாதையில் படலம் இல்லாததுதான் சீக்கிரம் காயும்.

நடுவில் நிற்பவை குட்டை அட்வெஞ்சர் பூட்ஸ். ஃபோர்மா அட்வெஞ்சர் லோ, டி.சி.எக்ஸ். டிரிஃப்டர் போன்றவை இந்த ரகம். கணுக்காலில் கடினக் காப்பு, கயிறுக்குப் பதில் பக்கிள், மலையேற்ற பூட்ஸை ஒட்டிய பல் வைத்த சோல். மெக்ரிச்சிக் காட்டுப் பாதையிலோ, பழைய ரயில் தடமான 24 கிலோமீட்டர் நடைபாதையின் ஒரு பகுதியிலோ, ஏன், லம்பாக்கிலோகூட இவற்றோடு நடக்கலாம். வேகம் வராது, கால் வேகும், ஆனால் திரும்பி வரலாம்.

ராணுவ பூட்ஸை விட்டால் இங்கே கோபப்படுவார்கள். பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் சுற்றினால் பல வகை கிடைக்கும். உயரம் உண்டு, சோல் உறுதி. ஏற்கெனவே வீட்டில் கிடப்பதால் பலருக்குச் செலவும் இல்லை. கணுக்காலுக்குக் கடினக் காப்பு கிடையாது, கயிறும் நீளம். மலையேற்ற பூட்ஸைவிட ஓட்டுவதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். கிளம்புமுன் சோலை இழுத்துப் பாருங்கள்.

கடைசி ஆள் எதிர்பாராதவர்: கம்போங் அடிடாஸ். மலேசியத் தோட்டங்களில் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும், ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர் காலணி. விலை சொற்பம். சேற்றில் பிடிமானம் பிரமாதம், தண்ணீரை உறிஞ்சாது, பிய்ந்து விழ ஒட்டு வேலையும் இல்லை. அடி மெல்லிசு, கல் குத்தும். அட்டை ஏறாமல் இருக்க நீளக் காலுறை வேண்டும். வண்டிக்கு? கனவிலும் வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். நடை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் என்றால் குட்டை அட்வெஞ்சர் பூட்ஸ் ஒன்றே போதும். லேடாங் மாதிரி ஏணியும் கயிறும் பிடித்து ஏறுகிற நாளுக்கு ஒரே ஜோடி என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஓட்டும் பூட்ஸில் போய், பின் பெட்டியிலிருந்து கம்போங் அடிடாஸை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறுவதுதான் மலிவும் பத்திரமும். பெட்டி இல்லாத 2பி (சின்ன வண்டிக்கான உரிமம்) வண்டிக்காரருக்கும் கவலையில்லை, அதைச் சுருட்டி முதுகுப்பையில் திணித்துவிடலாம். மலையேற்ற பூட்ஸோடு நெடுஞ்சாலையில் போவதை நடை பிரியர்கள் எவ்வளவு நியாயப்படுத்தினாலும் எனக்கு ஒப்பவில்லை. கால் உடைவது பெரும்பாலும் மலையில் இல்லை, சாலையில்தான் என்பது என் எண்ணம்.

வாங்கப் போகும்போது மாலையில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். போடப்போகும் காலுறையையே எடுத்துப் போங்கள். முடிந்தால் சொந்த வண்டியில் உட்கார்ந்து கியர் மாற்றிப் பாருங்கள். பூட்ஸின் முனை தடிப்பாக இருந்து லீவருக்குக் கீழே நுழையாவிட்டால் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். பல வண்டிகளில் லீவரைக் கழற்றி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டலாம், மெக்கானிக்குக்குச் சில நிமிட வேலை.