பளபளப்புக்குக் கொடுத்த விலை: பழைய டார்கெட் ரிவால்வர் வாங்குவோர் கவனத்துக்கு

சில மாதங்களுக்கு முன், பழைய துப்பாக்கிகளை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடமிருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-38 டார்கெட் மாஸ்டர்பீஸ் ரிவால்வர் ஒன்றை முறைப்படி உரிமத்தில் பதிந்து வாங்கினேன். அதன் தகுதிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. விற்றவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் எதைக் காட்டி என்னை நம்பவைத்தார், நான் எங்கே பார்க்கத் தவறினேன் என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். இதே வகை ரிவால்வரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

கே-38 என்பது 1947-இல் வந்த, .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கான, ஆறு அங்குலக் குழலும் நகர்த்தி அமைக்கக்கூடிய பின் குறிநோக்கியும் கொண்ட போட்டி ரிவால்வர். 1957-இல் நிறுவனம் தன் ரிவால்வர்களுக்கு மாதிரி எண்கள் கொடுக்கத் தொடங்கியபோது இது 14 என்ற எண்ணைப் பெற்றது. அந்த எண் பொறிக்கப்படாத, உள் இயந்திரத்தை மூடும் பக்கத் தகட்டில் நான்கும் டிரிகர் (விசை) வளையத்தின் முன்பக்கம் ஒன்றுமாக ஐந்து திருகாணிகள் கொண்டவற்றைச் சேகரிப்போர் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். 1955 வாக்கில் பக்கத் தகட்டின் மேல் திருகாணி நீக்கப்பட்டுவிட்டதால், ஐந்து திருகாணி என்றாலே அது அதற்கு முந்தைய காலத்தது என்று பொருள். எனக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்டதுதான். வயது விஷயத்தில் விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் பொய் சொன்னது மெருகைப் பற்றி. தொழிற்சாலையில் எஃகின் மேல் ஏற்றிய நீல மெருகு, அதாவது கருநீலப் பூச்சு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு அப்படியே இருக்கிறது என்று எழுத்திலும் பேச்சிலும் உறுதி கூறினார். அனுப்பிய படங்களில் ரிவால்வர் கண்ணாடிபோல் மின்னியது. கூடவே நிறுவனப் பதிவேட்டிலிருந்து பெற்ற கடிதத்தின் நகலையும் அனுப்பியிருந்தார். இந்த வரிசை எண் கொண்ட ரிவால்வர் ஆறு அங்குலக் குழலோடும் நீல மெருகோடும் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியது என்று அதில் இருந்தது. அந்தக் கடிதம்தான் என்னைச் சாய்த்தது. அது வெளியேறிய நாளில் பொருள் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது, இப்போது கையில் இருக்கும் பொருள் அதே குழலும் அதே மெருகும் கொண்டதா என்பதை அது சொல்லவே முடியாது என்ற எளிய உண்மை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விலை அதிகம் என்று நான் தயங்கியபோது, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஆறேழு விற்பனை விளம்பரங்களை எடுத்துக் காட்டினார். இதை நான் இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். அவற்றில் இரண்டு, கே-38 அல்ல, .32 தோட்டாவுக்கான கே-32. அது மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டது என்பதால் அதன் விலை வேறு தளத்தில் இருக்கும். கே-38 ஏராளமாகச் செய்யப்பட்டது. அரிதானது என்று சொல்லி அதற்கு விலை ஏற்ற முடியாது, நிலைதான் அதன் விலை. மற்றொரு விளம்பரம், ஒருமுறைகூடச் சுடப்படாமல் பெட்டியும் கருவிகளும் காகிதங்களும் சேர்ந்து வந்தது. எஞ்சியவை எல்லாம் விற்பவர்கள் கேட்கும் விலைகள், யாரும் கொடுத்த விலைகள் அல்ல. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பொருளின் விளம்பர விலை, அந்த விலைக்கு அது போகாது என்பதற்கே சாட்சி. உண்மையில் முடிந்த விற்பனைகளைத்தான் பார்க்க வேண்டும். ஏல முடிவுகளைப் பார்க்கும்போதும், அறிவிக்கப்பட்ட தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகத் தரும் தரகுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சேர்ந்த தொகையையும் சேராத தொகையையும் அருகருகே வைத்தால் கணக்கு தவறிவிடும்.

ரிவால்வர் கைக்கு வந்த இரண்டாம் வாரம், துப்பாக்கி பழுதுபார்ப்பில் நீண்ட அனுபவமுள்ள ஒருவரிடம் கொண்டுபோனேன். சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் முதலில் பார்த்தது ஹேமரையும் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) டிரிகரையும்தான். இந்த நிறுவனத்தின் அக்கால ரிவால்வர்களில் இவ்விரண்டும் நீல மெருகு ஏற்றப்படுவதில்லை. வெப்பத்தால் கடினமாக்கிய பரப்பில் பழுப்பும் சாம்பலும் நீலமும் கலந்த திட்டுகள் தெரியும். என்னுடையதில் டிரிகர் முழுவதும் ஒரே கருநீலமாக இருந்தது. அதைக் கையில் எடுத்த நொடியிலேயே, இது மறுமெருகு ஏற்றியது என்று சொல்லிவிட்டார். பிறகு சன்னல் அருகே கொண்டுபோய், பக்கத் தகட்டின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துக் காட்டினார். திருகாணிகளைச் சுற்றி உலோகம் மெல்லிய கிண்ணம்போலக் குழிந்திருந்தது. குழலின் மேல் பொறித்த எழுத்துகளில் சிலவற்றின் கால்கள் தேய்ந்து மறையும் நிலையில் இருந்தன. கூர்மையாக இருக்க வேண்டிய சட்டகத்தின் விளிம்புகள் விரலுக்கு மழமழவென்று பட்டன. துருவை நீக்கவோ கீறல்களை மறைக்கவோ யாரோ மெருகுச் சக்கரத்தில் தேய்த்து, அதன்மேல் புதிதாக நீலம் ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் என்னை மயக்கிய மினுமினுப்பு அப்படி வந்ததுதான்.

இதற்கு மேலும் இருந்தது. அக்கால ரிவால்வர்களில் பிடியின் அடியில் உள்ள வரிசை எண், சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடியில் தோட்டா தள்ளும் தண்டுக்கு மேலே உள்ள தட்டையான இடத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். வலப்பக்க மரப்பிடியின் உள்பக்கத்திலும் இருக்கும். சிலிண்டரை வெளியே சாய்த்து, சிறு விளக்கை அடியில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை. என் ரிவால்வரில் சிலிண்டர் எண் பொருந்தியது. குழலின் எண் வேறு. மரப்பிடியின் உள்பக்கத்தில் எண்ணே இல்லை. ஆக, கடிதம் சட்டகத்தைப் பற்றியது, குழல் இன்னொரு ரிவால்வருடையது, பிடி பிற்காலத்தது. வேறு குழலைப் பொருத்தியவர் கைத்திறன் உள்ளவரும் அல்ல. குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 முதல் 6 பங்கு வரை இருந்தால் நிம்மதி, 10 பங்கை எட்டினால் கவலைப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. இடைவெளித் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்ததில் என்னுடையது 9 காட்டியது.

இயக்கத்தையும் சோதித்தார். சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு விரலை மெல்ல வைத்துத் தடுத்தபடி ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹேமர் முழுவதும் ஏறி நிற்பதற்கு முன்பே சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். ஆறு அறைகளில் நான்கில் கேட்டது. இரண்டில் ஹேமர் ஏறி நின்ற பிறகும் சிலிண்டர் ஒரு மயிரிழை பின்தங்கியது. கட்டைவிரலால் ஹேமரை ஏற்றி, நிதானமாக 50 கெஜத் தொலைவில் குறிபார்ப்பதற்கென்றே வாங்கும் ரிவால்வரில் இந்தக் குறை சிறியதல்ல. அறை குழலுக்கு நேராக நிற்கவில்லை என்றால் குண்டு ஓரமாக உரசிக்கொண்டு நுழையும், ஓரத்தில் ஈயம் சிதறும், குறியும் பரவும். குழலின் உட்புறம் மட்டும் நல்லபடி இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன, குழல் எங்காவது உப்பியிருந்தால் தெரியும் கரிய வளையமும் இல்லை.

இவ்வகைப் பழைய ரிவால்வருக்கு இரண்டு விலைகள் உண்டு என்பதை அன்றுதான் தெளிவாக உணர்ந்தேன். ஒன்று சேகரிப்பவர் கொடுப்பது, மற்றொன்று சுடுபவர் கொடுப்பது. சேகரிப்பவர் மூல மெருகுக்கும் பொருந்தும் எண்களுக்கும் மூலப் பிடிக்கும் பணம் தருகிறார். மெருகு பாதி தேய்ந்து, பிடிக்கும் இடத்தில் வெண்மை தட்டியிருந்தாலும், அது தொழிற்சாலை மெருகு என்றால் மறுமெருகிட்டதைவிட அதற்கு மதிப்பு அதிகம். சுடுபவர் பூட்டும் நேரத்துக்கும் குழலுக்கும் பணம் தருகிறார், தோற்றம் அவருக்கு இரண்டாம் பட்சம். மறுமெருகும் மாற்றுக் குழலும் கொண்ட ஒன்றுக்குச் சேகரிப்பாளர் விலை கேட்பதே தவறு, இயக்கமும் பிழையாக இருந்தால் சுடுபவர் விலையிலும் பழுதுச் செலவைக் கழிக்க வேண்டும். நான் கொடுத்ததை 100 என்று வைத்துக்கொண்டால், முடிந்த விற்பனைகளைப் பொறுமையாகத் தேடிப் பார்த்தபின் எனக்கு வந்த கணக்கு 50-க்கும் சற்றுக் கீழே. அவர் சொன்னபடியே மூல மெருகும் மூலக் குழலும் கொண்ட ஒன்றுகூட நான் கொடுத்த தொகைக்கு வந்திருக்காது, 80-ஐ ஒட்டித்தான் நின்றிருக்கும்.

விற்றவரிடம் இவற்றைப் படங்களோடு எழுதினேன். முதல் பதிலில், டிரிகர் நீலமாக இருப்பது அக்காலத்தில் வழக்கம்தான் என்றார். அது வழக்கம் இல்லை என்று விளக்கியபோது, குழல் எண்ணைப் பற்றித் தாம் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை என்றார். மூன்றாவது கடிதத்துக்கு, பழைய பொருளை உள்ளபடியே விற்பதுதான் தம் வழக்கம், திரும்பப் பெறுவதில்லை என்ற ஒரே வரி வந்தது. இந்தத் துறையில் பல ஆண்டுகள் இருப்பவருக்கு நீல டிரிகரின் பொருள் தெரியாமல் இருந்திருக்காது. இதில் எனக்குப் பணத்தைவிட அதிகம் வருத்தம் தருவது, அரை நூற்றாண்டுக்கும் மேலான ஒரு நல்ல கருவியைத் தேய்த்து மறைத்து, அதன் வரலாற்றையே மாற்றிச் சொன்னதுதான். தேய்ந்த மெருகோடு வந்திருந்தால் அதை மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன்.

வாங்கும் முன் நேரில் பார்க்க முடியாதவர்கள் இந்தப் படங்களைத் தனித்தனியே கேட்டுப் பெறுங்கள்: பிடியின் அடி எண், குழலடி எண், சிலிண்டரின் பின்முகம், பிடிகளைக் கழற்றிய நிலையில் அவற்றின் உள்பக்கம், ஹேமரும் டிரிகரும் பகல் வெளிச்சத்தில், பக்கத் தகடு சாய்ந்த ஒளியில். பிடியின் அடியில் வரிசை எண்ணுக்கு அருகே சிறு நட்சத்திரக் குறி இருந்தால், ரிவால்வர் ஒருமுறை தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்று வேலை பார்க்கப்பட்டது என்று பொருள். அது குற்றம் இல்லை, ஆனால் விலையில் தெரிய வேண்டும். .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகை) டார்கெட் ரிவால்வர் என்றால் அறைகளின் பின் விளிம்பையும் நெருக்கமாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். தோட்டா இல்லாமல் பலமுறை விசை இழுத்திருந்தால் ஊசி அடித்த தடம் அங்கே குழியாக நிற்கும். திருப்பித் தரும் காலக்கெடுவை எழுத்தில் வாங்குங்கள். 'மூல மெருகு' என்ற சொல்லையும் அந்த எழுத்தில் இடம்பெறச் செய்யுங்கள்.

அந்த ரிவால்வர் இப்போது பழுதுபார்ப்பவரின் மேசையில் இருக்கிறது. சிலிண்டரைச் சுழற்றும் நெம்புகோலை மாற்றிப் பூட்டும் நேரத்தைச் சரிசெய்கிறார். விற்றவரின் விற்பனைப் பட்டியலில் மேலும் இரண்டு கே வரிசை ரிவால்வர்கள் அதே கண்ணாடி மினுமினுப்போடு, அதே 'தொண்ணூற்றெட்டுப் பங்கு மூல மெருகு' என்ற வாசகத்தோடு இன்றும் இருக்கின்றன. இரண்டிலும் டிரிகர் கருநீலம்.