ஸ்க்ரிப்ட் இல்லாம நாடகம் உருவாக்கற ஒர்க்ஷாப்: மாணவர் குழுக்கள் தாராளமா எடுக்கலாம்

கைல ஸ்க்ரிப்ட் எதுவும் இல்லாம ஒரு டாபிக்க மட்டும் வெச்சுக்கிட்டு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து சொந்தமா ஒரு நாடகம் உருவாக்கறதுக்கு வழிகாட்டற டிவைசிங் ஒர்க்ஷாப் ஒண்ணு, நான் பொறுப்பா இருக்கற மாணவர் நாடகக் குழுவுக்காக எடுத்தோம். நாடகத்த மேடையேத்தியும் ஆச்சு, அதனால இப்ப தைரியமா எழுதலாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு ஏன் குறையுதுன்னு கீழ சொல்றேன்.

இந்த மாதிரி ஒர்க்ஷாப்ல பெரும்பாலும் என்ன நடக்கும்னா, கேம்ஸ் விளையாடுவாங்க, கண்ண மூடிட்டு பின்னாடி சாயச் சொல்வாங்க, எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க, கடைசில பாத்தா நாடகம்னு ஒண்ணு இருக்காது. துண்டு துண்டா நிறைய இம்ப்ரோ, அதாவது அப்பப்ப தோணறத நடிச்சுப் பாத்தது, இருக்கும், அதுல எத வெச்சுக்கறது எத விடறதுன்னு யாருக்கும் தெரியாது, ஷோ நெருங்கினதும் நல்லா பேசத் தெரிஞ்ச ரெண்டு பேர் மொத்தத்தையும் கைல எடுத்துப்பாங்க, மத்தவங்க பின்னாடி மரம் மாதிரி நிப்பாங்க. இங்க அப்படி ஆகல, ஏன்னா இவங்க கற்பனைய தூண்டறதோட நிறுத்தாம, ஒரு கூட்டமா இருந்துக்கிட்டு எப்படி முடிவெடுக்கறதுன்னு சொல்லிக்குடுத்தாங்க. எனக்கு இந்த ஒர்க்ஷாப்போட மொத்த மதிப்பும் அதுலதான்.

முதல் கட்டம் முழுக்க உடம்புதான், பேச்சே கிடையாது. வியூபாயிண்ட்ஸ்னு ஒரு பயிற்சி முறை இருக்கு, மேடைல கவனிக்க வேண்டியத மேரி ஓவர்லின்ற நடனக் கலைஞர் ஆறு அம்சமா வகுத்தத, டைரக்டர்கள் ஆன் போகார்ட்டும் டீனா லாண்டாவும் விரிவாக்கி உடலுக்கு மட்டும் ஒன்பதுன்னு ஆக்கினாங்க. வேகம், ஒரு அசைவு எவ்ளோ நேரம் நீடிக்குது, ரெண்டு பேருக்கு நடுவுல எவ்ளோ தூரம், அடுத்தவர் அசைஞ்சா நம்ம உடம்பு என்ன பதில் சொல்லுது, இப்படிப் போகும். கேக்கும்போது பாடம் மாதிரி தோணும், ஆனா செய்யும்போது குழுவோட அதிகாரமே இடம் மாறுது. பேச்சு இல்லாததால வாய் சாமர்த்தியம் உள்ளவங்களுக்கு தனி மரியாதை கிடையாது. எங்க குழுல ரிகர்சல்ல எப்பவும் ஓரமா நிக்கற ஒரு பொண்ணு நடந்துக்கிட்டே இருக்கும்போது திடீர்னு நின்னா, யாரும் சொல்லாமலே சுத்தி இருந்த அத்தன பேரும் நின்னாங்க. அந்த நிறுத்தம் அப்படியே நாடகத்துலயும் வந்துச்சு.

அடுத்து மொமென்ட் வொர்க். இது டெக்டானிக் தியேட்டர் ப்ராஜெக்ட்ன்ற அமெரிக்கக் குழு உருவாக்கின முறை. கதையும் வசனமும்தான் ராஜா, லைட்டு சவுண்டு எல்லாம் கடைசில வந்து ஒட்டிக்கற சமாச்சாரம்னு நினைக்காம, லைட்டு, சத்தம், துணி, பொருள், மேடையோட வடிவம் ஒவ்வொண்ணும் தானாவே கதை சொல்லும்னு எடுத்துக்கறது. "ஆரம்பிக்கறேன்"னு சொல்லிட்டு செய்யணும், "முடிக்கறேன்"னு சொல்லி நிறுத்தணும், நடுவுல இருக்கறது ஒரு மொமென்ட். எங்க டாபிக் காத்திருப்பு. ஒருத்தன் டார்ச் லைட்ட தரையில வெச்சு ஒரு காலி நாற்காலியோட நிழல செவுத்துல பெருசாக்கிக்கிட்டே போனான், ஒரு வார்த்த கிடையாது, பாத்தவங்க யாரும் அசையல. ஸ்க்ரிப்ட்ல இருந்து ஆரம்பிச்சிருந்தா இது யாருக்கும் தோணியிருக்காது.

சரி, இப்ப முடிவெடுக்கற விஷயத்துக்கு வரேன். ஒவ்வொரு மொமென்ட்டுக்கும் ஒரு பேர் வெச்சு சீட்டுல எழுதி செவுத்துல ஒட்டச் சொன்னாங்க, வீடியோவும் குறிப்பும் எடுக்க தினம் ஒருத்தர், சுழற்சி முறையில. இது சின்ன விஷயம் இல்ல, இம்ப்ரோல வந்த நல்லது மறுநாளே மறந்துபோறதாலதான் பாதி மாணவர் நாடகம் நீர்த்துப்போகுது. செவுத்துல சீட்டு இருக்கும்போது "அந்த என் ஐடியா"ன்னு யாரும் சொல்றதில்ல, சீட்டோட பேரத்தான் சொல்றாங்க. கருத்து வேறுபாடு வந்தா உக்காந்து வாதாடக் கூடாது, எந்திரிச்சு செஞ்சு காட்டணும். டிக்கெட் கவுண்டர் க்யூல நடக்கற ஒரு காமெடி சீன் இருந்துச்சு, செம சிரிப்பு, எல்லாருக்கும் பிடிச்சது, ஆனா அதுக்கப்பறம் வர்ற அமைதியான சீன் எடுபடவே இல்ல. வெட்டலாமா வேணாமான்னு பேச விடாம, அந்த சீனோட ஒரு தடவ, அது இல்லாம ஒரு தடவன்னு அடுத்தடுத்து ஓட்ட வெச்சாங்க. முடிச்சதும் அந்த சீன உருவாக்கின பையனே போய் சீட்ட எடுத்துட்டான். யார் மனசும் நோகாம ஒரு நல்ல சீன வெட்டறது எவ்ளோ கஷ்டம்னு நாடகம் போட்டவங்களுக்குத் தெரியும், எனக்கு அந்த நேரம் அவ்ளோ பெருமையா இருந்துச்சு.

வெளியாட்கள கூட்டிட்டு வந்து பாதி வெந்தத காட்டறதும் உண்டு. அவங்ககிட்ட பிடிச்சிருக்கான்னு கேக்கக் கூடாது, என்ன பாத்தீங்க, எங்க கவனம் போச்சுன்னு மட்டும்தான் கேக்கணும். பிடிச்சிருக்கான்னு கேட்டா மாணவர்கள் முகத்துக்கு நேரா யாரும் உண்மைய சொல்லமாட்டாங்க, அதனால இது சரியான கேள்வி.

நிஜ மனுசங்க அனுபவத்த எடுக்கறதப் பத்தியும் கொஞ்சம் சொன்னாங்க. மேல சொன்ன டெக்டானிக் குழு, 1998ல அமெரிக்காவோட வயோமிங் மாநிலத்துல லாரமின்ற ஊர்ல மாத்யூ ஷெப்பர்ட்ன்ற மாணவர் கொல்லப்பட்டதுக்கு அப்பறம் அந்த ஊருக்கே போய் 200க்கு மேல பேட்டி எடுத்து, அதுல இருந்துதான் 2000ல லாரமி ப்ராஜெக்ட் நாடகத்த கொண்டு வந்தாங்க. பேட்டி எடுத்தா சம்மதம் வாங்கணும், யாருன்னு தெரியாம பேர மாத்தணும்னு பசங்களுக்கு தெளிவா சொன்னது நல்லது.

இப்ப குறை. எழுத்துக்கு இடமே குடுக்கல. இம்ப்ரோல பேசின வசனத்த அப்படியே டைப் பண்ணி வெச்சுக்கங்கன்னு விட்டுட்டாங்க, அதனால ஒரே விஷயத்த மூணு விதமா சொல்ற வசனம், "சரி சரி"ன்னு இழுக்கற வசனம் எல்லாம் ரொம்ப நாள் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. கூட்டா உருவாக்கறதுன்னா யாரும் தனியா உக்காந்து எழுதக் கூடாதுன்னு அர்த்தம் இல்லையே. பிரிட்டன்ல முன்னாடி ஜாயின்ட் ஸ்டாக்னு ஒரு நாடகக் குழு இருந்துச்சு, அதுல நடிகர்கள், டைரக்டர், எழுத்தாளர் எல்லாரும் சேர்ந்து ஒர்க்ஷாப் பண்ணிட்டு, எழுத்தாளர் தனியாப் போய் எழுதிட்டு வந்தப்பறம்தான் ரிகர்சலுக்குப் போவாங்க, 1979ல மேடையேறின, நாடக எழுத்தாளர் கேரில் சர்ச்சிலோட கிளவுட் நைன் நாடகம் அப்படி வந்ததுதான். இத நான் கேட்டதும் நடத்தினவங்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா அட்டவணைல நேரம் இல்ல. கடைசில எங்க குழுல எழுதப் பிடிச்ச ரெண்டு பேர் வீடியோவ வெச்சு வசனத்த சுருக்கி எழுதி, மறுபடி எல்லார்கிட்டயும் குடுத்து வாசிக்க வெச்சோம், நாடகம் அப்பறம்தான் இறுகுச்சு.

நீங்க எடுக்கறதா இருந்தா முன்னாடியே பேசி எழுத்துக்குன்னு ஒரு முழு செஷன் கேட்டு வாங்கிடுங்க. சீட்டுங்கள கழட்டாம விட்டுவைக்கற மாதிரி ஒரு ரூம் வேணும், தினம் பிச்சு தினம் ஒட்டினா வரிசையே குழம்பிடும். ஷோ தேதி தலைக்கு மேல இருந்தா எடுக்காதீங்க, ரெடிமேட் ஸ்க்ரிப்ட் ஒண்ணு எடுத்து நல்லா பண்ணுங்க. குழு ரொம்ப பெருசா இருந்தா ரெண்டா பிரிச்சு நடத்தித் தருவாங்களான்னும் கேட்டுக்கங்க, கூட்டம் கூடக் கூட அந்த செவுத்துக்கிட்ட பின் வரிசைல நிக்கறவங்களுக்கு சீட்டே தெரியமாட்டேங்குது.