மார்ச்சில் கொடுத்த கூப்பன் எந்த ஆண்டுக் கணக்கு?

யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் மார்ச்சிலேயே சூடுபிடித்துவிடும். பெரும்பாலான நிறுவனங்களின் கணக்காண்டோ மார்ச் 31இல் முடிகிறது. 10,000 ரூபாய்க்குத் துணி எடுப்பவருக்கு, ஏப்ரல் முடியும்வரை செல்லுபடியாகும் 1,000 ரூபாய்க் கூப்பனை ஒரு புடவைக்கடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் விற்பனை 50 இலட்சம். கொடுத்த கூப்பன்கள் 500. அவற்றில் 60 சதவீதம் திரும்பி வரும் என்பது முதலாளியின் கணிப்பு.

கூப்பன் வரும் நாளில் கழிவாக எழுதிக்கொள்வது எளிது. ஆனால் மார்ச் இலாபம் வீங்குகிறது; சுமையை அடுத்த ஆண்டு தாங்குகிறது. பங்காளிகள் அந்த இலாபத்தைப் பிரித்தால், இல்லாத பணத்தையே பிரிக்கிறார்கள். இந்த முறையை நான் ஏற்கவே மாட்டேன்.

அடுத்த முறை ஏற்பாடு: வரப்போகும் சுமையை இந்த ஆண்டிலேயே மதிப்பிட்டுப் பதிந்து வைப்பது. வரக்கூடிய 300 கூப்பன்களுக்கு 3 இலட்சம் ரூபாய்த் துணி போகும். மொத்த இலாபம் 30 சதவீதமென்றால் அதன் கிரயம், அதாவது கடைக்கு அடங்கிய விலை, 2,10,000. விற்பனை மேம்பாட்டுச் செலவுக் கணக்குக்கு வரவு (debit), கூப்பன் பொறுப்புக் கணக்குக்குச் செலவு (credit). தனிவியாபாரிக்கு இது போதும்.

2018 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15 (வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் வருமானத்தை எப்போது, எவ்வளவு பதிவது என்ற விதி) வேறு கண்ணால் பார்க்கிறது. கூப்பன் கடையின் செலவல்ல, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய உரிமை. கூப்பனின் மதிப்பு 600 ரூபாய், அதாவது 1,000இல் 60 சதவீதம். பெற்ற 10,000 ரூபாயை 10,000க்கு 600 என்ற விகிதத்தில் பிரித்தால் துணிக்கு 9,434, கூப்பனுக்கு 566. ஐந்நூறுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,83,000 ரூபாய் ஒப்பந்தப் பொறுப்பாக, அதாவது காசு வாங்கியும் இன்னும் பொருள் கொடுக்காத கடப்பாடாக, ஐந்தொகையில் (balance sheet) நிற்கும்; கூப்பன் பயன்படும்போது அல்லது காலாவதியாகும்போதுதான் வருமானமாகும். மார்ச்சில் உண்மையில் எவ்வளவு விற்றோம் என்பதை இதுவே நேர்மையாகச் சொல்கிறது. இந்த நியமத்துக்குக் கட்டுப்பட்ட கம்பனிக்கு வேறு தெரிவும் இல்லை.

பின்னைய இரண்டு முறைக்கும் உயிர் அந்த 60 சதவீதம்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்தவர்களிடம் கொடுத்த கூப்பனுக்குச் சித்திரைக் கணிப்பைப் போடக்கூடாது. அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். சிலர் மச்சாளிடமோ பெரியம்மாவிடமோ கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் தனித் தொடரிலக்கம் அச்சிட்டு, திரும்பி வந்தவற்றை எண்ணி வைக்க வேண்டும். ஏப்ரலில் காலாவதியாகும் கூப்பனென்றால் இன்னும் வசதி: கணக்கில் கையெழுத்திடுவதற்கு முன்பே எத்தனை வந்தன என்பது தெரிந்துவிடும்.

பத்திரிகையோடு எல்லோருக்கும் இலவசமாகப் போகும் கூப்பனுக்குப் பொறுப்பு எதுவும் பதிய வேண்டியதில்லை. எதையும் வாங்காதவரிடமிருந்து பெற்ற காசு இல்லையே. அவர் கடைக்கு வரும் நாளில் விலையைக் குறைத்து எழுதினால் சரி.