யார்னமில் ஏழு வருடம்

பிளட்போர்ன் என்ற வீடியோ கேம் வெளிவந்தது 2015 மார்ச்சில். நான் அதைத் தொட்டது இரண்டு வருடம் கழித்து. இதுவரை ஐந்து முறை முடித்திருக்கிறேன். முதல் முறை முடித்த கையோடு யாராவது கதை என்னவென்று கேட்டிருந்தால், "நிறைய மிருகங்களைக் கொன்றேன், கடைசியில் விடிந்தது" என்றுதான் சொல்லியிருப்பேன்.

நின்று பார்க்கும் பழக்கம் இரண்டாவது ஆட்டத்தில் வந்தது. அதுவும் அலுப்பில். கேம் நடக்கும் நகரமான யார்னமின் மையப் பகுதியில் ஊர்க்காரர்கள் ஒரு மிருகத்தைக் கம்பத்தில் கட்டி எரிக்கும் சதுக்கம் இருக்கிறதே, அங்கே செத்துச் செத்துச் சலித்துப்போய், மறைவில் நின்று அவர்களையே வேடிக்கை பார்த்தேன். தீ வெளிச்சத்தில் சிலரின் கைகள் தெரிந்தன. அளவுக்கு மீறி நீண்ட கைகள், முகத்தில் அடர்ந்த ரோமம். எரிவதற்கும் எரிப்பவருக்கும் ஒரே நோய். இதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை.

அப்புறம் எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். தெருவெங்கும் சவப்பெட்டிகள், பல சங்கிலி சுற்றிப் பூட்டியவை. திருட்டுப் பயம் என்றால் தெருவில் ஏன் போட்டு வைக்க வேண்டும்? உள்ளே இருப்பது எழுந்து வந்துவிடக் கூடாது என்றுதான் பூட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். கேம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

என்னை மிகவும் உலுக்கியது பெரிய கதீட்ரலின் பீடம். அதிலிருக்கும் மண்டையோட்டைத் தொட்டால் பழைய நினைவு ஒன்று காட்சியாக விரியும். முதல் தடவை காட்சியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன், மண்டையோட்டைக் கவனிக்கவே இல்லை. அது மனிதத் தலையின் வடிவமே அல்ல. திருச்சபையைத் தோற்றுவித்த லாரன்ஸின் தலை அது. ரத்தத்தால் நோயைக் குணப்படுத்துவதாகச் சொன்ன சபை, தன் முதல்வரின் மிருகத் தலையையே பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது! 2015 நவம்பரில் வந்த தி ஓல்ட் ஹன்டர்ஸ் விரிவாக்கத்தில் அவருடைய மனித மண்டையோடு கிடைக்கும். முதல் கிளெரிக் பீஸ்ட் (மிருகமாக மாறிய குரு) அவர்தான் என்றும், அந்த மனிதத் தலை கொடுங்கனவு என்ற உலகில் மட்டுமே உண்டென்றும் அதன் குறிப்பு சொல்கிறது. பாதி விஷயத்தை பீடமே ஏற்கெனவே சொல்லியிருந்தது.

அமிக்டலா என்ற ராட்சத உயிரினங்களின் கதை வேறு. கதீட்ரல் வார்டு என்ற பகுதியில் ஒரு கதவருகே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்னைத் தூக்கி நசுக்கிக் கொன்றது. கேமில் ஏதோ பிழை என்று நினைத்து கேமை மூடித் திரும்பத் திறந்தேன். ரோம் என்ற பெரிய எதிரியை வீழ்த்திய பிறகோ, மறைந்திருப்பதைக் காணவைக்கும் இன்சைட் என்ற எண்ணிக்கை 40 ஆன பிறகோதான், கட்டடங்களில் அவை தொற்றிக்கொண்டு இருப்பது தெரியும். அவை புதிதாக வந்தவை அல்ல. நான் அவற்றின் காலடியில்தான் இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்தேன்.

கைவிடப்பட்ட பட்டறையைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள். வேட்டைக்காரரின் கனவு என்ற இடத்தில் உங்களோடு பேசும் பொம்மை அங்கே உயிரில்லாமல் சாய்ந்து கிடக்கும்.

இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி சிறுவயதில் ஆங்கிலப் புத்தகங்களை அரைகுறையாகப் புரிந்து படிப்பாராம். புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துத் தானே இட்டு நிரப்பிக்கொள்வாராம். நம்மையும் அதே நிலையில் உட்கார வைத்திருக்கிறார்.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு சிலையை வைத்து இரண்டு வாரம் ஒரு கோட்பாடு கட்டினேன். அதே சிலை சம்பந்தமே இல்லாத இன்னும் நாலு இடங்களில் நின்றது. சும்மா அலங்காரம். கேமில் தனியாக இருக்கும் சாலிஸ் நிலவறைகளிலும் இந்த வாசிப்பு எடுபடாது. ஒரே மாதிரி அறைகள் மாறி மாறி வரும்போது எதைப் படிப்பது? வினாடிக்கு 30 ஃபிரேம் என்பதும் இன்றைய கண்ணுக்கு உறுத்தும். நின்று பார்க்கும் என்னைப் போன்றவருக்கு அது பெரிய குறையில்லை.

கடைசியாக ஒரு மானக்கேடு. பிர்கன்வெர்த் கல்லூரியில் நாற்காலியில் ஆடிக்கொண்டிருக்கும் வில்லெம் என்ற கிழவரை முதல் ஆட்டத்தில் வெட்டிவிட்டு, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் இரண்டு மணி நேரம் அலைந்தேன். பாவம், அவர் தடியை நீட்டி ஏரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.