ஸ்கம்விஎம்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

பழைய கேம்களை ஓட்ட ஒரு இலவச மென்பொருள் என்று ஸ்கம்விஎம்மை ஒரே வரியில் சொல்லி முடிக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் பல வருடமாகப் பாவித்ததில் எனக்கு அது இன்னொரு வேலைக்கும் உதவுகிறது. கிராஃபிக் அட்வென்ச்சர் என்றால் எந்த மாதிரிக் கேம் என்று யாராவது கேட்டால், வரைவிலக்கணம் சொல்லப் போய் மாட்டிக்கொள்ளாமல் அதில் ஓடும் கேம்களின் பட்டியலைத் திறந்து காட்டிவிடுவேன்.

முதலில் பாவனை. 2001இல் தொடங்கிய இது எமுலேட்டர் இல்லை. பழைய கணினியை அப்படியே போலி செய்யாமல், கேமின் தரவுக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் அதை ஓட்டிய எஞ்சின் என்ற நிரலின் வேலையைத் தானே செய்கிறது. 1987இல் வந்த மேனியாக் மேன்ஷனுக்காக லூக்காஸ்ஃபில்ம் கேம்ஸில் எழுதிய எஞ்சினுக்கு ஸ்கம் என்று பெயர், அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயரும். இதில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை, சீடியை ஒரு தடவை பிரதி எடுத்துவிட்டால் பிறகு அது தேவையே இல்லை. திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட வீடு, உப்புக் காற்றில் சீடி டிரைவ் எவ்வளவு காலம் தாங்கும் என்று இங்கே யாரிடமும் கேளுங்கள். 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் போனிலேயே மங்கி ஐலண்ட் விளையாடினேன், பழைய கேம் என்பதால் சார்ஜும் அவ்வளவாக இறங்கவில்லை.

போனில் எரிச்சலும் உண்டு. சுட்டியை நம்பிச் செய்த கேம்கள் இவை, விரலால் மறைத்துக்கொண்டு திரையின் மூலையில் கிடக்கும் ஒரு சின்னச் சாவியைத் தேடுவது கொடுமை. 320க்கு 200 புள்ளியில் வரைந்த படம் அந்தக் கால மொனிட்டரில் கொஞ்சம் உயரமாக நீண்டு தெரியும், அதைத் திருத்தும் தெரிவைப் போடாவிட்டால் எல்லாரும் குட்டையாக, சப்பையாகத் தெரிவார்கள். அந்தத் தெரிவு செட்டிங்ஸில் எங்கே என்று புதிதாக வருகிறவர் தேடி அலைய வேண்டியதுதான், அவ்வளவு தெரிவுகளை அதற்குள் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். எந்த இடத்திலும் சேவ் செய்யலாம் என்பதால் நான் மன்னித்துவிட்டேன்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். கதை இருக்கவேண்டும், புதிர் இருக்கவேண்டும், படம் இருக்கவேண்டும், கைவேகம் தேவைப்படக் கூடாது: பொதுவாக இந்த நாலையும் வைத்துத்தான் இந்த வகையை வரையறுக்கப் பார்க்கிறார்கள். கேம்களைக் காலவரிசையில் விளையாடிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஓட்டை விழும், கட்டளை கொடுக்கும் விதம்கூட ஒரே மாதிரி இல்லை. 1980இல் ரோபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் ஆப்பிள் 2 கணினிக்குச் செய்த மிஸ்டரி ஹவுஸில் படம் உண்டு, ஆனால் கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும். 1984இல் கிங்ஸ் குவெஸ்ட் வந்தபோது ஆளைத் திரையில் நடத்த முடிந்தது, கதவைத் திறக்க மட்டும் திரும்பவும் தட்டச்சு. மேனியாக் மேன்ஷன் வினைச்சொற்களைத் திரையிலேயே அடுக்கி வைத்தது. 1993இல் மிஸ்ட் வந்து அந்தச் சொற்களையும் தூக்கி எறிந்தது, கதைப்பதற்கு ஆட்கள்கூட அதில் இல்லாத மாதிரித்தான். குவெஸ்ட் ஃபோர் குளோரியில் சண்டையும் உடல்வலுப் புள்ளிகளும் உண்டு, அதையும் ஒருவரும் இந்த வகையிலிருந்து வெளியே தள்ளவில்லை.

இவற்றுக்கெல்லாம் பொதுவாக நான் பார்ப்பது ஒன்றுதான், நாம் யோசித்து முடிக்கும்வரை அநேகமான நேரம் கேம் பேசாமல் காத்திருக்கும். 1997இல் ஜோர்டன் மெக்னர் செய்த லாஸ்ட் எக்ஸ்பிரஸ் இந்த விதிக்கும் அடங்காது, அதில் ரயில் ஓட ஓட நேரமும் ஓடும், ஆனால் தவறிப்போனதைப் பிடிக்கக் கடிகாரத்தைப் பின்னால் திருப்ப விடுகிறார்கள். விதியை மீறினாலும் பரிகாரம் வைத்திருக்கிறார்கள் என்று அதை நான் உள்ளே விட்டுவிட்டேன்.

கேம்களைப் பதிவு செய்ய எக்செல்லில் ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். வருடம், ஓடிய கணினி, கட்டளை கொடுக்கும் விதம், சாகலாமா, முட்டுச்சந்து உண்டா, அதாவது மேலே போக வழியே இல்லாமல் மாட்டிக்கொள்ளும் இடம் உண்டா. இந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு மிக முக்கியம். 1990இன் கிங்ஸ் குவெஸ்ட் 5இல் கையில் இருக்கும் கஸ்டர்ட் பை என்ற இனிப்புப் பண்டத்தைப் பசிக்குச் சாப்பிட்டுவிட்டால் கதை தொடரும், ஆனால் பிறகு பனிமலையில் வரும் எட்டி என்ற பனிமனிதனின் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. கேமும் அதைச் சொல்லாது. இப்படியான அநியாயங்களைக் கண்டித்து ரொன் கில்பர்ட் 1989இலேயே கட்டுரை எழுதினார், அவருடைய மங்கி ஐலண்டில் இந்த முட்டுச்சந்துகள் இல்லாதது தற்செயல் இல்லை. இரண்டு கேமையும் அடுத்தடுத்து விளையாடினால், ஒரே வருடத்தில் வந்தவை என்று நம்பவே கஷ்டமாக இருக்கும்.

ஆவணப்படுத்தலில் ஸ்கம்விஎம் செய்கிற வேலையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கேமைச் சேர்க்கும்போது கோப்பின் அளவையும் அதன் கைரேகை மாதிரியான ஒரு குறியீட்டையும் ஒப்பிட்டு, இது அமீகா கணினிக்கு வந்ததா, பழைய பீசிகளின் டொஸ்ஸுக்கு வந்ததா, எந்த மொழிப் பதிப்பு என்று பிரித்துச் சொல்கிறது. தெரியாத பதிப்பு என்றால் தங்களுக்கு அறிவிக்கச் சொல்லிக் கேட்கும். ஒரே கேமுக்கு இத்தனை பதிப்பு இருந்ததா என்று நான் தெரிந்துகொண்டதே அங்கேதான்.

ஒரு மனக்குறை, பட்டியல் இப்போது ஊதிவிட்டது. 2020இல் ரெசிடுவல்விஎம் என்ற சகோதர மென்பொருளை இணைத்து கிரிம் ஃபன்டாங்கோ போன்ற முப்பரிமாணக் கேம்களைக் கொண்டுவந்தது நியாயம், அவை அட்வென்ச்சர்தான். ஆனால் அல்டிமா போன்ற ரோல் பிளேயிங் கேம்களும் (சண்டை போட்டு ஆளின் வலுவை வளர்க்கும் வகை) உள்ளே வந்துவிட்டதால், பட்டியலைக் காட்டி வாதாடுவது முன்னை மாதிரி லேசாக இல்லை. அக்காவின் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அல்டிமா இருக்கலாம் எண்டால் 2012இன் வோக்கிங் டெட் ஏன் உங்கட ஷீட்டில இல்ல?" பதில் சொல்ல நாலு செக்கன் கொடுத்து அவசரப்படுத்துகிற கேமை நான் எப்படிச் சேர்ப்பது என்றேன், லாஸ்ட் எக்ஸ்பிரஸை மட்டும் சேர்த்தீர்களே என்றான். இப்போது அவனுக்காக ஒரு தனிப் பக்கம் திறந்திருக்கிறேன், சண்டை அங்கே தொடர்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டாம். டொலர் 360 ரூபாயைத் தாண்டிய காலத்திலிருந்து நானே யோசித்துத்தான் வாங்குகிறேன். 1994இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கையை 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள், ஸ்கம்விஎம்மின் சொந்தத் தளத்திலேயே கிடைக்கும். முடியுமானால் போனை விட்டுவிட்டு, பழைய லப்டொப் ஒன்றில் சுட்டியோடு விளையாடுங்கள்.