குல்ஃபியா, க்ரீம் ஐஸ்கிரீமா?

மெஷின் இல்லாமல் வீட்டில் செய்ய இந்த இரண்டும் நல்ல வழி. ஆனால் என் மனசு குல்ஃபி பக்கம்தான்.

குல்ஃபிக்குப் பொறுமை வேண்டும். ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பால், அடி கனமான பாத்திரம், சிறு தீ. பாதிக்கும் கீழே சுண்டும்வரை கிண்டிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டிப் பாலிலேயே சேருங்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. நீர் வற்றிவிடுவதால் பனித்துகள் குறையும். காற்று புகும்படி அடிக்காததால் கெட்டியாக உறையும், சிங்கப்பூர்ச் சூட்டிலும் மெதுவாகத்தான் உருகும். தேக்கா சந்தையில் வாங்கிய ஏலக்காயைப் புதிதாகத் தட்டிப் போட்டால், அப்பப்பா, அந்த வாசம்!

க்ரீம் வகை கால் மணி நேர வேலை. 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் க்ரீமை நுரைக்க அடித்து, கண்டென்ஸ்ட் மில்க் கலந்து, ஃப்ரீசரில் குறைந்தது 6 மணி நேரம் வைக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்றுதான் மென்மை தருகிறது. நம் ஊர் வெக்கையில் க்ரீம் சீக்கிரம் இளகிவிடும். அதனால் கிண்ணத்தையும் முன்பே குளிர வைத்து, ஏர்கான் அறையில் அடியுங்கள்.

டுரியான் பழச் சுளை சேர்ப்பதற்கு மட்டும் க்ரீம்தான் சரி. அப்புறம், டப்பாவை இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் ஃப்ரீசர் முழுக்க டுரியான் மணக்கும்.